மாமன் மடிக்காக வளர்ந்த முடி

காலையில் மகளுக்குப் பின்னல் போட்டு முடித்ததும் என் வாய் தானாக, "செல்வம், வாடா, நேரமாச்சு" என்று கூப்பிடுகிறது. கையில் சீப்பு, பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, தன் கிராப்புத் தலையைத் தடவிக் காட்டிச் சிரிக்கிறான். "மறந்துட்டியாம்மா?" நான் மறக்கவில்லை. இத்தனை வருஷம் செய்த வேலையை என் கை விடமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். இந்த ஈப்போ நகரத்தின் ரயில்வே குடியிருப்பில், பள்ளிக்கூடம் போகும் ஆண்பிள்ளைக்கும் சடை பின்னிவிட்ட ஒரே தாய் நான். போன வருஷம் வரைக்கும் அப்படித்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட முதல் முடியில் கத்தரி படக்கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஊரில் அது ஒரு வயதிலோ மூன்று வயதிலோ இறங்கிவிடும். எங்கள் வீட்டில் எட்டு வயது வரை இறங்கவில்லை. நடுவில் கடல் இருந்தது, கடலின் மேல் சண்டை நடந்துகொண்டிருந்தது.

செல்வம் என் வயிற்றில் இருந்தபோதுதான் நாங்கள் கப்பல் ஏறினோம். மூத்தவள் மீனாவுக்கு அப்போது மூன்று வயதுதான் இருக்கும். அப்பாவும் அம்மாவும் முன்னமே இறந்துவிட்டதால் எனக்குத் தாய்வீடு என்றால் அண்ணன் ஒருவர்தான். கடலூர் முதுநகரில் மல்லாட்டை மண்டியில் எடை போடும் வேலை அவருக்கு; வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அந்த வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வறுத்த மல்லாட்டை ஒரு மூட்டையோடு நாகப்பட்டினம் துறைமுகம் வரை வந்தார். கப்பல் தூரத்தில் நிற்க, எங்களைப் படகில் ஏற்றினார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அண்ணன் கத்தினார்: "ஏ சிவகாமி! ஆம்பளப் புள்ள பொறந்தா மொத முடி என் மடியிலதான் எறங்கணும். அங்க எவன் மடியிலயாவது ஒக்கார வச்சே, பாத்துக்க!" படகில் இருந்தவர்கள் எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

மூன்று வயதில் கூட்டிவருகிறோம் என்று பேச்சு. அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் நின்றது, கடிதம் நின்றது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது, சோப்பு போய்ப் பேன் வந்தது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், என் வீட்டுக்காரர் இவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்ததால் தப்பித்தார். பிள்ளை தலையைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டான். "வெட்டிடு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார் இவர். "சாமி கோவிச்சுக்காது, எங்கண்ணன் கோவிச்சுக்கும்" என்றேன். அக்கம்பக்கத்து நம்மவர்கள், இங்கேயே மாரியம்மன் கோயில் இருக்கிறதே, அங்கே இறக்கினால் என்ன என்றார்கள். அம்மன் எங்கேயும் அம்மன்தான், ஒப்புக்கொள்கிறேன். மாமன் மடி அங்கே இல்லையே. வேப்பெண்ணெயைத் தேடிப் பிடித்துத் தேய்த்து, ஈருளியால் இழுத்து இழுத்து, அந்த முடியைக் காப்பாற்றினேன். அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட அப்போது தெரியாது. அந்த முடி இருக்கும்வரை அவரும் இருக்கிறார் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை எனக்கு.

சண்டை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் புதுத் தொல்லை ஆரம்பித்தது. பையன்கள் சடையைப் பிடித்து இழுத்தார்கள். மளிகைக்கடைச் சீனர், "பெங்காளிப் பிள்ளையா?" என்று கேட்டார். இந்த நாட்டில் சீக்கியரை எல்லாரும் பெங்காளி என்றுதான் சொல்கிறார்கள். வங்காளத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் தெருமுனையில் ரப்பர்க் கிடங்குக்குக் காவல்காரர் ஒரு சீக்கியர். காவல்காரரை இங்கே ஜாகா என்பார்கள். பிள்ளைகள் அவரை ஜாகா மாமா என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் பையன்கள் செல்வத்தின் சடையைப் பிடித்திழுப்பதைப் பார்த்த அவர், தடியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்து விரட்டிவிட்டார். பிறகு அவனைத் தன் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, சடையை அவிழ்த்து, உச்சியில் கொண்டை போட்டு, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மேலே கட்டி அனுப்பினார். அன்று சாயங்காலம் என் வாசலில் ஒரு குட்டிச் சீக்கியன் வந்து நின்றான். மறுநாளிலிருந்து எவனும் அவன் தலையைத் தொடவில்லை.

நன்றி சொல்லலாம் என்று ஒரு தட்டு முறுக்கோடு போனேன். எனக்குப் பஞ்சாபி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொதுவாகக் கடைத்தெரு மலாய் கொஞ்சம் தெரியும். செல்வத்தின் தலையைக் காட்டி, "பாகுஸ், பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். "துஹான் புன்யா" என்றேன் நான். இந்த முடி சாமியுடையது என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் தலைப்பாகையைத் தொட்டுக்காட்டி, இதுவும் சாமியுடையதுதான் என்றார். இருவரும் தலையாட்டிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. சாமியுடையது என்பதால் அவர் ஒருநாளும் வெட்டமாட்டார். சாமியுடையது என்பதால்தான் நாங்கள் மொட்டை அடிக்கப்போகிறோம். இதைப் போய் விளக்கலாம் என்றால் என்னிடம் இருந்த மலாய் போதவில்லை.

கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் எங்களுக்கு இடம் கிடைக்க நாளாயிற்று. போன வருஷம்தான் கிடைத்தது. அதற்குள் கடிதம் மறுபடி வந்து அண்ணன் இருக்கிறார் என்று தெரிந்திருந்தது; வருகிறோம் என்று அவருக்கு எழுதினேன். இவருக்கு நீண்ட லீவு கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு லீவு கேட்கப் போனால் வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் காரணம் கேட்டார். முடி எடுக்க என்று இவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். "எதிரிலேயே சீனன் முடிவெட்டும் கடை இருக்கிறதே, அதற்கு இந்தியா எதற்கு?" என்றாராம் அவர். கடைசியில் பை நிறையக் கணக்குகள் கொடுத்து, பள்ளி திறக்கும் அன்று வந்தே ஆகவேண்டும் என்று அனுப்பிவைத்தார்.

கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தோம். மீனா தகரப்பெட்டியை மேசையாக்கி அதன்மேல் கணக்குப் போட்டாள். செல்வம் வாந்தி எடுத்துக்கொண்டே எப்போது ஊர் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். உப்புக்காற்றில் அவன் முடி கயிறாகிவிட்டது. பக்கத்துப் பாயில் இருந்த அம்மாள், "பொம்பளப் புள்ளைக்கு ஏம்மா கால்சட்டை போட்டிருக்க?" என்று அக்கறையோடு விசாரித்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தூரதேசம் போனவர்களுக்குத் தெரியும், நாம் ஊரை நினைத்து உருகிக்கொண்டிருக்கும்போதுதான் அவர்களுக்கு ஒண்ணுக்கு வரும். எதையும் முழுசாக நினைத்து அழக்கூட முடியாது.

நாகப்பட்டினத்தில் இறங்கி ரயில் ஏறினோம். பிள்ளைகள் ஜன்னலுக்குச் சண்டை போட்டார்கள். வண்டியில் பூக்காரி, டிக்கெட் பரிசோதகர், பிச்சை கேட்டுப் பாடிய குருடர் எல்லாரும் தமிழ் பேசியதைச் செல்வம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். மெதுவாக என் காதில், "அம்மா, ரயில்ல இருக்கறவங்க எல்லாரும் நம்ம ஆளுங்களா?" என்றான். ஆமாம் என்று அவனை இழுத்து அணைத்துக்கொண்டேன். மாயவரத்தில் வண்டி மாறி, கொள்ளிடம் பாலம் தாண்டி, தூரத்தில் சிதம்பரம் கோபுரம் தெரிந்தபோது நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். "ஏம்மா அழுவுற? வந்துட்டோமே" என்றாள் மீனா. அவளுக்கு எப்படிச் சொல்வது? வராமல் இருந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து அப்போதுதான் அழ முடிந்தது.

கடலூர் முதுநகரில் வண்டி நின்றது. கூட்டத்தில் அண்ணனைத் தேடினேன். என் நினைவில் இருந்தவர் ஒட்ட வெட்டிய தலையும் மழித்த முகமுமாக இருப்பார். அப்படி யாரும் இல்லை. அதற்குள் செல்வம் என் கையை உதறிவிட்டு, "அம்மா! ஜாகா மாமா! ஜாகா மாமா வந்திருக்காரு!" என்று ஓடினான். அவன் ஓடிப்போய் நின்ற இடத்தில், மார்பு வரை தாடியும் தலைக்கு மேல் பெரிய கொண்டையுமாக ஒரு மெலிந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவர் குனிந்து பிள்ளையின் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"என்னாண்ணே இது கோலம்?" என்றேன்.

"நீ மட்டுந்தான் முடி வளப்பியா?" என்றார் அண்ணன். "கடுதாசி நின்னுபோச்சி. ஜப்பான்காரன் புடிச்சிட்டான்னு ஊரே பேசுது. நீங்க உசுரோட இருக்கீங்களா, இல்லியான்னு யாரக் கேக்கறது? மச்சான் வூட்டு அம்மன்கிட்டயே போனேன். எந்தங்கச்சி குடும்பத்தோட திரும்பி வர்ற வரைக்கும் தலையில கத்தி படாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." அங்கே நான் மகன் முடியைக் காத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், இங்கே அண்ணன் தன் முடியைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளாமலே.

அண்ணன் வீட்டில்தான் தங்கினோம். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அவர் பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தை அறுத்துச் சுளை சுளையாகப் பிள்ளைகள் வாயில் ஊட்டினார். மீனா தின்றுவிட்டு, எங்கள் ஊர்ச் செம்படாக் பழம் மாதிரி இருக்கிறது என்றாள். 'எங்கள் ஊர்' என்று அவள் ஈப்போவைச் சொன்னதைக் கேட்டு அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். புழுக்கம் தாங்காமல் பிள்ளைகள் முனகினார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றார்கள். எனக்கோ அந்த உப்புத் தண்ணீர் தித்தித்தது. அண்ணன் தினமும் மண்டியிலிருந்து வந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உப்பனாற்றங்கரைக்குப் போவார். வரும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டி, "நல்ல பள்ளிக்கூடம்டா. வாத்தியாருகிட்ட பேசி வச்சிருக்கேன்" என்று செல்வத்திடம் சொன்னாராம். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு காலியாவதாகவும் காதில் விழுந்தது. இவர் வந்த அன்றே, லீவு இத்தனை நாள்தான் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அண்ணன் கையை வீசிச் சிரித்தார். "லீவுதான மச்சான், எழுதிப் போட்டா நீட்டுவான். மாட்டேன்னா வேலையத் தூக்கிப் போடு. இங்க சோறு இல்லியா?" நானும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் அம்மன் பாத்துக்குவா" என்று எழுந்து போய்விடுவார்.

முடி எடுக்க நாள் குறித்து எல்லாரும் சிதம்பரம் போனோம். முதலில் நடராசர் சன்னிதி. அங்கே தீட்சிதர்கள் எல்லாரும் தலையின் ஒரு பக்கமாகக் குடுமியை முடிந்திருப்பதைச் செல்வம் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தீட்சிதர் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் நீண்ட முடி. ஒருவரும் ஒருவரையும் பிடித்து இழுக்கவில்லை. "மாமா, இந்த ஊருல முடி இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்களா?" என்றான். "எவன் சிரிப்பான்? சிரிச்சா பல்ல ஒடைச்சிடுவேன்" என்றார் அண்ணன். "அப்ப நான் இங்கியே படிக்கிறேன்." பிள்ளை விளையாட்டாகச் சொன்னதுதான். அண்ணன் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எட்டு வயதுப் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு நாலு வீதியையும் சுற்றி வந்தார். நான் கோபுர வாசலிலேயே நின்றுவிட்டேன். இவர் என் கையைப் பிடித்து, "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார். இனி எப்படிச் சொல்வது, எத்தனை தடவை சொல்வது?

இவர் வீட்டுக் குலதெய்வமான அம்மன் கோயில் கிள்ளைக்குப் போகும் வழியில், முந்திரிக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. அண்ணன் நாவிதரிடம் இரண்டு தலை என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். இரண்டு வாழையிலை, இரண்டு கிண்ணம் சந்தனம். மாமன் சீராக ஒரு வெள்ளி அரைஞாண் கொடியை எடுத்தார். மூன்று வயதில் வருவான் என்று அப்போதே செய்து வைத்தது. எட்டு வயது இடுப்பைச் சுற்ற அது நாலு விரல் எட்டவில்லை. அண்ணன் ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் வலது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக் கொக்கியை மாட்டிவிட்டார். சம்மணமிட்டு உட்கார்ந்து அவனை மடியில் இழுத்துக்கொண்டார். பிள்ளையின் கால்கள் மடியைத் தாண்டி மண்ணில் நீட்டிக்கொண்டிருந்தன. எத்தனை வருஷம் இந்த ஒரு காட்சிக்காகக் காத்திருந்தேன்! அதைக் கண் நிறையப் பார்த்தேன்.

நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தியை எடுத்தார். செல்வம் பயத்தை மறைக்கப் பேச்சுக் கொடுத்தான். "மாமா, பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள முடி மொளைச்சிடுமா?"

"எந்தப் பள்ளிக்கூடம்டா?"

"எங்க பள்ளிக்கூடந்தான். ஈப்போல. அடுத்த வாரம் கப்பல்ல போயிடுவோமே. டிக்கெட்டு அப்பா பெட்டியில இருக்கு."

அண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதற்கும் தயங்காத மனிதர், பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அசையாத கண்ணு, கத்தி பட்டுடும்" என்று மட்டும் சொன்னார். முடி அவர் மடியில் கொத்துக் கொத்தாக விழுந்தது. எல்லாம் முடிந்ததும் சந்தனம் பூசி, பிள்ளையை இறக்கிவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"நீங்க ஒக்காருங்க" என்று நாவிதர் அடுத்த வாழையிலையைக் காட்டினார்.

"எனக்கு வேணாம்பா" என்றார் அண்ணன். "உனக்குச் சேர வேண்டியத ரெண்டு தலைக்கும் வாங்கிக்க."

"அண்ணே, நாங்கதான் வந்துட்டமே" என்றேன்.

"நீ பாத்துட்டுப் போக வந்திருக்க, சிவகாமி. நான் திரும்பி வரணும்னுதான் வேண்டிக்கிட்டேன்." கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். கொண்டையை அவிழ்த்து, மறுபடி இறுக்கி முடிந்துகொண்டு, பொங்கல் ஆறுகிறது என்று எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார். மீதி இருந்த ஒரு கிண்ணம் சந்தனத்தைப் பிள்ளைகள் கையில் பூசிக்கொண்டு விளையாடினார்கள்.

அண்ணன் ரயில் ஏற்றிவிட வந்தார். வண்டி நகரும்போது ஜன்னலில் கையை நுழைத்துச் செல்வத்தின் மொட்டைத் தலையை ஒரு தடவை தடவினார். "போயிட்டு வரேண்ணே" என்றேன். தலையாட்டினார். முதுநகர் பிளாட்பாரத்தில் அந்தப் பெரிய கொண்டை கூட்டத்துக்கு மேலே நெடுந்தூரம் தெரிந்துகொண்டே இருந்தது.

ஈப்போவுக்கு வந்த மறுநாள் செல்வம் ஜாகா மாமாவைப் பார்க்கத் தயங்கி எனக்கும் இவருக்கும் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தான். மொட்டைத் தலையைப் பார்த்ததும் அந்தப் பெரிய மனிதர் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். "சியாபா மாத்தி?" என்றார். யார் செத்துப்போனது என்று கேட்கிறார். அப்பா செத்தால்தான் பிள்ளைக்கு மொட்டை என்று நினைத்திருப்பார். இவரோ பக்கத்தில் உயிரோடு நின்றுகொண்டிருக்கிறார்! யாரும் சாகவில்லை, சாமியுடையதைச் சாமிக்குக் கொடுத்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. முகம் வாடிவிட்டது. பிள்ளையின் கையை மெதுவாகப் பிடித்தார். அப்போது மணிக்கட்டில் இருந்த வெள்ளிக் கொடி கண்ணில் பட்டது. சீக்கியர்கள் சாமிக்காகப் போடும், தன் கையிலிருந்த இரும்புக் காப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "பாகுஸ்" என்று சொல்லி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அது இடுப்புக்குச் செய்தது, என் அண்ணன் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு ஆறுதலாக இருப்பதை ஏன் கெடுக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாகா தலைக்குக் குளித்துவிட்டு, முடியை விரித்துக் கட்டிலில் உட்கார்ந்து வெயிலில் உலர்த்துவார். முதுகுப் பக்கமாகப் பார்த்தால் என் அண்ணனேதான். அன்றைக்கெல்லாம் நான் துணி உலர்த்தும் சாக்கில் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். மீதி இருக்கும் தேங்காயெண்ணெயைச் செல்வத்திடம் கொடுத்தனுப்பினால் அவர் வாங்கித் தேய்த்துக்கொள்கிறார்.

சென்ற மாதம் கடலூரிலிருந்து வந்த ஒருவர் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். முடி இடுப்புக்கு வந்துவிட்டதாம். மூட்டை தூக்கிவிடக் குனிந்து நிமிரும்போதெல்லாம் கொண்டையின் பாரம் கழுத்தைப் பிடிக்கிறதாம். அண்ணி எத்தனை சொல்லியும் கேட்கவில்லையாம், சிவகாமி சொன்னால் கேட்பார் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து, முடியை இறக்கிவிடு அண்ணே என்று எழுதக் காகிதமும் பேனாவுமாக உட்காருகிறேன். பிள்ளைகளுக்கு இங்கே படிப்பு, இவருக்கு இங்கே வேலை. நான் எப்போது திரும்புவேன், திரும்புவேனா என்பதே தெரியாது. எழுதத்தான் வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் எழுதினால் அவர் என் பேச்சைக் கேட்டு, நான் திரும்புவேன் என்று காத்திருப்பதையே விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு, "செல்வம், வாடா, நேரமாச்சு" என்று கூப்பிடுகிறேன்.